பெக்கப் இருந்தும் பைல் இல்லாமல் போனது ஏன்?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தலவாக்கலைப் பக்கம் ஒரு பாடசாலை. அலுவலகக் கணனியில் விண்டோஸ் 11. ஒரு டெராபைட் வெளி ஹாட் டிஸ்க் வாங்கி, விண்டோஸோடு வரும் 'பைல் ஹிஸ்ட்ரி' பெக்கப்பைப் போட்டு வைத்திருந்தார்கள். கணனியின் உள் டிஸ்க் பழுதாகி, புதிது மாட்டி, பெக்கப்பில் இருந்து திருப்பி எடுத்துப் பார்த்தால், டி ட்ரைவில் இருந்த தவணைப் பரீட்சைப் புள்ளிகள் அடியோடு இல்லை. டொகியுமென்ட்ஸ் போல்டரில் தமிழில் நீளமாகப் பெயர் வைத்த சில பைல்களும் இல்லை. இருப்பவற்றிலும் கடைசி மூன்று மாதத்து வேலை இல்லை. வந்து சேர்ந்த கடிதங்களைத் திறந்தால் எழுத்து விளங்கவில்லை. 'சொப்ட்வெயாரில் பிழையா, எங்களில் பிழையா? காசு கொடுத்து வேறொன்று வாங்கலாமா?' என்று டீச்சர் கேட்டிருக்கிறார்.

டீச்சர், முதலில் அவசரமான விஷயம். பழைய டிஸ்க்கை யாரிடமும் கொடுத்துவிட வேண்டாம், எறியவும் வேண்டாம். சி, டி என்று இரண்டாகத் தெரிந்தாலும் பெரும்பாலும் அது ஒரே டிஸ்க்கின் இரண்டு பகுதிகள். விண்டோஸ் ஏறாமல் போவது ஒன்று, டிஸ்க்கே செத்துப்போவது வேறொன்று. சி பகுதி கெட்டு, டி பகுதி முழுசாக இருந்த டிஸ்க்குகள் என் கடைக்கு நிறையவே வந்திருக்கின்றன. கழற்றி ஒரு யூ.எஸ்.பி. உறையில் போட்டு வேறு கணனியில் செருகிப் பாருங்கள். 'போர்மட் செய்யவா' என்று கேட்டால் கேன்சல். 'பிழை திருத்தவா' என்று கேட்டாலும் கேன்சல். டிக் டிக் என்று சத்தம் வந்தால் உடனே கழற்றிவிடுங்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு முறை கரண்ட் கொடுப்பதும் அதை இன்னும் கெடுக்கும், கொழும்பில் தரவு மீட்பவர்களிடம்தான் கொடுக்க வேண்டும். இதற்கிடையில் புள்ளிகளை வட்ஸ்அப்பில் பகுதித் தலைவர்களுக்கு அனுப்பியிருப்பீர்கள், வலயக் கல்விப் பணிமனைக்கு மின்னஞ்சலில் போயிருக்கும். பாதியாவது அங்கே கிடைக்கும்.

சரி, இப்போது கேள்விக்கு வருவோம். பிழை பாதிக்கு மேல் சொப்ட்வெயாரில்தான். அது வேலை செய்யவில்லை என்று சொல்ல வரவில்லை. தன் கணக்கில் எது வேலையோ அதை ஒவ்வொரு மணித்தியாலமும் செய்துகொண்டுதான் இருந்தது. எதை எடுக்கவில்லை, எப்போதிருந்து எடுக்கவில்லை என்பதை மட்டும் யாருக்கும் சொல்லவில்லை. விண்டோஸின் பெக்கப் கருவிகளில் எனக்கு உள்ள பெரிய மனக்குறை இதுதான். நீங்கள் இழந்த நான்கிலும் இதே குறையின் நான்கு முகங்களைப் பார்க்கலாம்.

டி ட்ரைவ் விஷயம் எளிது. பைல் ஹிஸ்ட்ரி 2012இல் விண்டோஸ் 8உடன் வந்தது. தொடக்கத்தில் இருந்தே அது எடுப்பது டெஸ்க்டொப், டொகியுமென்ட்ஸ், படங்கள், பாட்டு, வீடியோ போன்ற பயனரின் போல்டர்களையும் 'லைப்ரரி' என்ற பட்டியலில் சேர்ந்தவற்றையும்தான். தோட்டத்து வரவுப் பதிவான செக்ரோலில் பெயர் விழாத நாளுக்குச் சம்பளம் இல்லாத மாதிரி, அந்தப் பட்டியலில் இல்லாத போல்டர் எவ்வளவு முக்கியமானதாக இருந்தாலும் அதற்குப் பெக்கப் இல்லை. நம் ஊர்களில் 'சி ட்ரைவில் ஒன்றும் வைக்காதே, விண்டோஸ் போட்டால் போய்விடும், டியில் வை' என்று சொல்லிக் கொடுத்தே பழக்கிவிட்டோம். நல்ல பிள்ளையாக டியில் வைத்தவர்களின் பைல்தான் பெக்கப்பில் விடுபடுகிறது. விண்டோஸ் 10இல் செட்டிங்ஸுக்குள் போய் 'போல்டர் சேர்' என்று ஒன்றை அழுத்தி இதைச் சரிசெய்யலாம். 11இல் அந்தப் பக்கத்தையே எடுத்துவிட்டார்கள். பழைய கொன்ட்ரோல் பெனலில் பைல் ஹிஸ்ட்ரி இன்னும் இருக்கிறது, ஆனால் அங்கே போல்டரை விலக்க வழி உண்டே தவிர சேர்க்க வழி இல்லை. போல்டரின் மேல் வலது கிளிக் செய்து, கூடுதல் தெரிவுகளுக்குள் போய், லைப்ரரியில் சேர்த்தால்தான் அது கணக்கில் வரும். இதை ஒரு பாடசாலை எழுதுவினைஞர் தானாகக் கண்டுபிடிப்பார் என்று யார் எதிர்பார்த்தார்களோ தெரியவில்லை. கணக்கு மென்பொருள் வைத்திருக்கும் கடைக்காரர்களுக்கும் இதே கதைதான். அவற்றில் பல தங்கள் தரவை டொகியுமென்ட்ஸுக்கு வெளியே தனி போல்டரில் வைக்கும்.

இரண்டாவது, தமிழ்ப் பெயர் வைத்த பைல்கள். டீச்சர் இதை 'வைரஸோ' என்று கேட்டிருந்தார். வைரஸ் இல்லை, நீளம்.

விண்டோஸில் ஒரு பைலின் முழு முகவரி, அதாவது ட்ரைவில் தொடங்கிப் போல்டர், உள் போல்டர், பைல் பெயர் எல்லாம் சேர்த்து, 260 எழுத்துக்குள் இருக்க வேண்டும் என்று பழைய காலத்து வரம்பு ஒன்று உண்டு. 2016இல் விண்டோஸ் 10இன் ஒரு பதிப்பில் இருந்து, மென்பொருள் விரும்பினால் அந்த வரம்பைத் தாண்டலாம் என்று வழி திறந்துவிட்டார்கள். பைல் ஹிஸ்ட்ரி மட்டும் பழைய வரம்புக்குள்ளேயே நிற்கிறது. அதிலும் அது பைலை அப்படியே எடுத்து வைப்பதில்லை. உங்கள் வெளி டிஸ்க்கை வேறு கணனியில் செருகித் திறந்து பாருங்கள். 'பைல் ஹிஸ்ட்ரி' என்று ஒரு போல்டர் இருக்கும். அதற்குள் பயனர் பெயர், அதற்குள் கணனியின் பெயர், அதற்குள் 'டேட்டா', அதற்குள்தான் சி ட்ரைவ் விரியும். கடைசியில் வரும் ஒவ்வொரு பைலின் பெயருக்குப் பின்னாலும் அடைப்புக்குறிக்குள் ஆண்டு, மாதம், நாள், மணி, நிமிடம், செக்கன் எல்லாம் ஒட்டியிருக்கும். அந்த வால் மட்டும் 26 எழுத்து. முன்னால் சேரும் தலையையும் சேர்த்தால் 60, 70 எழுத்து அங்கேயே போய்விடும். ஆக, உங்கள் கணனியில் 200 எழுத்தில் சௌகரியமாக உட்கார்ந்திருக்கும் பைல், பெக்கப் டிஸ்க்குக்குப் போகும்போது இடம் போதாமல் வெளியே நிற்கிறது.

இதில் தமிழுக்கு ஒரு தனி இடி விழுகிறது. 'புள்ளிப்பட்டியல்' என்று எழுதினால் நமக்கு 9 எழுத்து. கணனிக்கு அது 16. புள்ளி, கொம்பு, விசிறி எல்லாவற்றையும் அது தனித்தனி எழுத்தாக எண்ணும். '2024 இரண்டாம் தவணை தரம் 8 ஆ பிரிவு புள்ளிப்பட்டியல் திருத்தியது புதியது' என்று ஒரு பெயர், அதே மாதிரி நீளமான மூன்று போல்டர்களுக்குள். யோசித்துப் பாருங்கள். ஆங்கிலத்தில் சுருக்கமாகப் பெயர் வைக்கும் இடத்தில் இந்தப் பிரச்சினை பல வருடத்துக்குத் தலைகாட்டாது. நம்மிடம் முதல் தவணையிலேயே வந்துவிடும்.

விடுபட்ட பைல்களின் பெயர்கள் எங்கேயாவது பதிவாகிறதா என்றால், ஆகிறது. கொன்ட்ரோல் பெனலில் பைல் ஹிஸ்ட்ரியைத் திறந்து, உயர்நிலை அமைப்புகளுக்குள் போனால், அடியில் நிகழ்வுப் பதிவைத் திறக்க ஓர் இணைப்பு இருக்கும். அதை அழுத்தினால் 'முகவரி நீளம் வரம்பை மீறியதால் இந்தப் பைல் எடுக்கப்படவில்லை' என்ற கருத்தில் ஆங்கில வரிகள் பைலின் பெயரோடு கிடக்கும். திரையின் மூலையில் ஓர் எச்சரிக்கை வராது, சிவப்பு அடையாளம் வராது. முன் பக்கத்தில் 'கடைசியாகப் பிரதி எடுத்தது இன்று காலை' என்று மட்டும் இருக்கும். அந்த வரி பொய் இல்லை. ஆனால் அதை வாசிப்பவர் எல்லாமே எடுபட்டுவிட்டது என்றுதானே நினைப்பார்?

டிஸ்க்கைத் திறந்து பார்க்கும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். வாலில் ஒட்டியிருக்கும் நேரம் இலங்கை நேரம் இல்லை, ஐந்தரை மணித்தியாலம் பின்னால். 05.42 என்று இருந்தால் நமக்கு அது முற்பகல் 11.12. 'அதிகாலை ஐந்து மணிக்கு யார் ஒபிசைத் திறந்தது' என்று ஓர் அதிபர் காவலாளியை விசாரித்த கதையும் உண்டு.

இனி அந்த மூன்று மாதம். இதற்குக் காரணம் இரண்டில் ஒன்றாக இருக்கும். ஒன்று, டிஸ்க் செருகியே இருக்கவில்லை. மலைநாட்டில் இதைக் குறையாகச் சொல்லவும் முடியாது. ஐப்பசியிலும் சித்திரையிலும் மத்தியானம் ஆனால் இடி. மின்னல் வெட்டத் தொடங்கினால் ப்ளக்கில் இருப்பதை எல்லாம் கழற்றிவிடுவது நம் வீடுகளில் பிள்ளைக்கும் தெரிந்த வேலை. கழற்றிய டிஸ்க் அதிபரின் அலுமாரிக்குப் போகும். இல்ல விளையாட்டுப் போட்டிக்குப் பாட்டு ஏற்றவென்று யாராவது கொண்டுபோவார்கள். திரும்பி வரும், மேசையில் இருக்கும், செருகப்படாது.

அப்போது பைல் ஹிஸ்ட்ரி என்ன செய்கிறது? 'டிஸ்க் வரும்வரை இங்கே வைக்கிறேன்' என்று பிரதிகளைச் சி ட்ரைவிலேயே ஓர் ஓரத்தில் சேர்த்து வைக்கும். கேட்க நல்ல ஏற்பாடுதான். ஆனால் எந்த டிஸ்க் செத்துப்போகும் என்று பயந்து பெக்கப் எடுக்கிறோமோ, அதே டிஸ்க்கில்தான் இந்தப் பிரதிகளும் இருக்கின்றன. தவறுதலாக ஒரு பைலை அழித்தால் காப்பாற்றும். டிஸ்க் போனால் பிரதியும் கூடவே போகும். நீண்ட நாளாக டிஸ்க்கைக் காணவில்லை என்று மூலையில் ஓர் அறிவித்தல் வரத்தான் செய்யும். அலுவலகக் கணனியில் ஒரு நாளைக்கு வரும் அறிவித்தல்களில் அது எத்தனையாவது என்று பாருங்கள். அன்டிவைரஸ் விளம்பரத்தோடு சேர்த்து அதையும் மூடிவிடுவோம்.

மற்றக் காரணம் இன்னும் நுட்பமானது. பைல் ஹிஸ்ட்ரி கணனிக்கு அல்ல, பயனருக்கு. புதிதாக ஓர் எழுதுவினைஞர் வந்து, அவருக்கென்று தனிக் கணக்குத் திறந்திருந்தால், அவர் கணக்கில் அதைப் புதிதாகத் தொடக்க வேண்டும். பழையவர் பெயரில் அது தொடங்கியே இருக்கும், அவர் இடமாற்றம் பெற்றுப் போன பிறகும். டிஸ்க்கில் பயனர் பெயர் போல்டர் எத்தனை இருக்கிறது என்று பார்த்தால் உங்களுக்கு நடந்தது எது என்று தெரிந்துவிடும்.

இதோடு ஒட்டிய இன்னொரு குறை, நாள் முழுக்கத் திறந்தே கிடக்கும் பைல்கள். வேறொரு மென்பொருள் பூட்டிப் பிடித்திருக்கும் பைலைப் பைல் ஹிஸ்ட்ரி அந்தச் சுற்றில் விட்டுவிடும், அடுத்த மணித்தியாலம் பார்க்கும். காலையில் திறந்து மாலையில் கணனியோடு சேர்த்து மூடும் தரவுத்தளம் என்றால், அதற்கு அந்த அடுத்த மணித்தியாலம் வராமலே போகலாம்.

விளங்காத எழுத்துக்கு வருவோம். அது பாமினி. பைல்கள் பழுதாகவில்லை, நிம்மதியாக இருங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டிய ஆவணத்துக்குள் உண்மையில் இருப்பது ஆங்கில எழுத்துகள். எழுத்துருதான் அதைத் தமிழாகக் காட்டுகிறது. புதிய விண்டோஸில் பாமினி இல்லாததால் ஆங்கில எழுத்தும், மெய்யெழுத்து வந்த இடமெல்லாம் அரைப்புள்ளியுமாகத் தெரிகிறது. எழுத்துருவைப் போட்டால் எல்லாம் பழையபடி வந்துவிடும். எழுத்துரு போல்டர் பைல் ஹிஸ்ட்ரியின் பட்டியலில் இல்லை. பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள், தட்டச்சுப் பலகை அமைப்புகள், மென்பொருள்கள் எதுவும் இல்லை. இவற்றைக் கையால் ஒரு போல்டரில் சேர்த்து வைப்பதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியாது. வைத்துக்கொள்ளுங்கள். இலங்கையில் இன்னும் பத்து வருடத்துக்குப் பாமினி போகாது.

'முழுக் கணனியையும் அப்படியே படம் பிடித்து வைக்க முடியாதா' என்று நீங்கள் அடுத்ததாகக் கேட்பீர்கள். முடியும். கொன்ட்ரோல் பெனலில் விண்டோஸ் 7 காலத்துப் பெக்கப் கருவி இன்னும் கிடக்கிறது, அதில் சிஸ்டம் இமேஜ் என்று ஒன்று உண்டு. ஆனால் 2017லேயே மைக்ரோசொப்ட் அதைக் கைவிடப்பட்ட வசதிகளின் பட்டியலில் போட்டு, வேறு நிறுவனங்களின் முழு டிஸ்க் பெக்கப்பைப் பாவிக்கும்படி சொல்லிவிட்டது. இவ்வளவு காலமாகியும் அது திரையில் இருக்கிறது, அழுத்தினால் ஓடுகிறது. ஆபத்தே அதில்தான். எடுக்கும்போது ஒரு குறையும் சொல்லாது, திருப்பிப் போடும்போதுதான் சொல்லும். நம் கடைகளில் அதிகம் நடப்பது பழைய ஒரு டெராபைட் ஹாட் டிஸ்க்கைக் கழற்றி 240 ஜி.பி. எஸ்.எஸ்.டி. போடுவது. உள்ளே பாவித்த இடம் 90 ஜி.பி.தான் இருக்கும். இருந்தாலும் இந்தக் கருவி பழைய டிஸ்க் அளவுக்காவது புதிய டிஸ்க் பெரிதாக இருக்க வேண்டும் என்று அடம்பிடித்து, பொருத்தமான டிஸ்க் இல்லை என்று நின்றுவிடும். கையில் முழு இமேஜ் இருக்கும், கணனி வெறுமையாக இருக்கும். ஆளைப் பைத்தியம் பிடிக்க வைக்கும் பிழைச்செய்தி என்றால் எனக்கு இதுதான் ஞாபகம் வரும்.

விண்டோஸ் 11இல் 'விண்டோஸ் பெக்கப்' என்று புதிதாக ஒரு செயலியும் இருக்கிறது. பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம். அது உங்கள் டெஸ்க்டொப், டொகியுமென்ட்ஸ் போன்ற போல்டர்களை மைக்ரோசொப்டின் இணையச் சேமிப்பான வன்ட்ரைவோடு இணைக்கும், சில அமைப்புகளையும் நீங்கள் பாவித்த செயலிகளின் பட்டியலையும் நினைவில் வைக்கும். பட்டியலைத்தான், செயலிகளை அல்ல. வெளி டிஸ்க்கைத் தெரிவு செய்து பிரதி எடு என்று சொல்ல அதில் இடமே இல்லை. மைக்ரோசொப்ட் கணக்கு வேண்டும். இலவச இடம் 5 ஜி.பி. அது நிரம்பினால் மேலே போவது நின்றுவிடும். இங்கே அழித்த பைல் அங்கேயும் அழியும். தனிநபர் கணக்கில் மீள்சுழற்சித் தொட்டியில் 30 நாள் இருக்கும், பிறகு இல்லை. பல கணனிகளில் அந்த மைக்ரோசொப்ட் கணக்கை விற்ற கடைக்காரரே ஏதோ ஒரு மின்னஞ்சலில் திறந்து கொடுத்திருப்பார், பாஸ்வேர்ட் யாருக்கும் ஞாபகம் இருக்காது. அது இப்போது இன்னொரு விதத்திலும் கடிக்கிறது. விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவி, அந்தக் கணக்கில் நுழைந்தால், பல கணனிகளில் டிஸ்க் தானாகவே பூட்டப்படுகிறது. டிஸ்க்கைக் கழற்றி வேறு கணனியில் போட்டால் 48 இலக்கச் சாவி கேட்கும். சாவி அந்தக் கணக்கில்தான் இருக்கும். உங்கள் புதிய டிஸ்க்கில் விண்டோஸ் போட்டவரிடம் இதை இன்றைக்கே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

வன்ட்ரைவையோ கூகுள் ட்ரைவையோ வேண்டாம் என்று சொல்லவில்லை. எதற்கு என்று தெரிந்து பாவிக்க வேண்டும். பத்து வருடத்துப் புள்ளிகள் எல்லாம் எக்செல்லில் சில நூறு எம்.பி.கூட வராது. அது இலவச இடத்துக்குள் தாராளமாக அடங்கும், கூகுளில் 15 ஜி.பி. தருகிறார்கள். இடத்தைத் தின்பது வாணி விழா வீடியோவும் ஒளி விழாப் படங்களும்தான். 40 ஜி.பி. படங்களை மேலே ஏற்ற, நம் பக்கத்து ரவுட்டரில் மழை நாளில் கிடைக்கும் 2 எம்.பி.பி.எஸ். வேகத்தில், கணக்குப் போட்டால் 44 மணித்தியாலத்துக்கு மேல். டேட்டா பெக்கேஜ் அதற்கு முன்னாலேயே முடிந்துவிடும். ஆகவே இரண்டையும் பிரியுங்கள். புள்ளிகளும் மாணவர் விபரமும் இணையத்துக்கு, படங்கள் டிஸ்க்குக்கு.

இணையத்தில் ஒரு பிரதி வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் நம் மண்தான். 2014 ஒக்டோபரில் மீரியபெத்த மண்சரிவு. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மண்சரிவுகள், கண்டி, நுவரெலியா, பதுளை என்று எத்தனை ஊர்கள். கணனி இருக்கும் அறையிலேயே டிஸ்க்கும் இருந்தால் அது ஒரு பிரதிதான், இரண்டல்ல. பைல் ஹிஸ்ட்ரி இந்த இடத்திலும் கை கொடுக்காது. ஒரு நேரத்தில் ஒரு டிஸ்க்கைத்தான் அது ஏற்றுக்கொள்ளும். இந்தக் கிழமை ஒன்று, அடுத்த கிழமை மற்றது என்று மாற்றி மாற்றிச் செருகுவதற்கு அது வடிவமைக்கப்படவில்லை. டிஸ்க் எப்போதும் செருகியே இருக்க வேண்டும் என்பது அதன் எதிர்பார்ப்பு. ஆனால் எப்போதும் செருகியிருக்கும் டிஸ்க்கை மின்னலும் தாக்கும், 2017 மே மாதம் உலகத்தை ஆட்டிய வன்னாகிரை மாதிரி பைல்களைப் பூட்டிக் காசு கேட்கும் வைரஸும் தாக்கும். ஒரே டிஸ்க்கை வைத்துக்கொண்டு இந்த முடிச்சை அவிழ்க்க முடியாது.

வேறு மென்பொருள்கள்? இலவசமாகப் பலரும் நம்பியிருந்தது மெக்ரியம் ரிப்ளெக்ட். அதன் இலவசப் பதிப்பை நிறுத்திவிட்டார்கள், பாதுகாப்புத் திருத்தங்களும் 2024 தொடக்கத்தோடு முடிந்தன. முழு இமேஜ் எடுக்க வீம் நிறுவனத்தின் விண்டோஸ் ஏஜன்ட் இலவசப் பதிப்பு நல்லது. சிறிய டிஸ்க்குக்குத் திருப்பிப் போடும் விஷயத்திலும் பழைய கருவி அளவுக்கு அடம்பிடிக்காது. ஆனால் அமைப்பதற்குக் கொஞ்சம் தெரிந்தவர் வேண்டும். இந்த மாதிரி மென்பொருள்களில் பெக்கப் அவற்றின் சொந்த வடிவில் இருக்கும் என்பதையும் மறக்கக் கூடாது. அந்த மென்பொருள் இல்லாமல் திறக்க முடியாது. இந்த ஒரு விஷயத்தில் பைல் ஹிஸ்ட்ரியைப் பாராட்டத்தான் வேண்டும். அதன் பட்டியல் கெட்டு, திரும்ப எடுக்கும் சாளரம் வெறுமையாகத் தெரிந்தாலும், டிஸ்க்கைத் திறந்து பைலைக் கையால் கொப்பி பண்ணி எடுக்கலாம்.

மெக், லினக்ஸ் பக்கம் போனால் தீருமா என்று சிலர் கேட்பதுண்டு. இக்கரைக்கு அக்கரை பச்சை. ஆப்பிளின் டைம் மெஷின் 2007இல் இருந்து இருக்கிறது, எதை எடுக்காதே என்று சொன்னால் ஒழிய எல்லாவற்றையும் எடுக்கும், அந்த வகையில் மேல். டிஸ்க் நிரம்பினால் பழையதைத் தானே அழித்துவிடும் என்பதை மட்டும் ஞாபகம் வைக்க வேண்டும். லினக்ஸில் பலர் போடும் டைம்ஷிப்ட், சிஸ்டத்தைத்தான் காக்கும். பயனரின் பைல்கள் இருக்கும் ஹோம் போல்டரைத் தொடக்கத்திலேயே விலக்கி வைத்திருக்கும். அதை நம்பி ஏமாந்தவர்களும் உண்டு.

உங்கள் பாடசாலைக்கு நான் சொல்வது இதுதான். பைல் ஹிஸ்ட்ரியை நிறுத்த வேண்டாம். நேற்றைய எக்செல்லின் மேல் இன்றையதை யாராவது சேமித்துவிட்டால் அதை மீட்க அதைவிடச் சுகமான கருவி இல்லை. பிரதிகளை 'எப்போதும்' வைத்திரு என்று இருக்கும் அமைப்பை 'இடம் தேவைப்படும் வரை' என்று மாற்றுங்கள், இல்லாவிட்டால் டிஸ்க் ஒரு நாள் நிரம்பி அதுவும் நின்றுவிடும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் அது முழுப் பைலையும் புதிதாக வைக்கும், ஆகவே நாம் நினைப்பதைவிடச் சீக்கிரம் நிரம்பும். டி ட்ரைவ் போல்டரை லைப்ரரியில் சேருங்கள். பெயர்களைக் குறுக்குங்கள், '2024-2-8ஆ-புள்ளி' போதும்.

இதற்கு மேல், இரண்டாவது டிஸ்க் ஒன்று. வெள்ளிக்கிழமை பாடசாலை விடும் முன் செருகி, ப்ரீபைல்சிங்க் என்ற இலவச மென்பொருளால் டி ட்ரைவையும் டொகியுமென்ட்ஸையும் கொப்பி பண்ணி, கழற்றி, வேறு கட்டடத்திலோ யாராவது ஒருவர் வீட்டிலோ வைப்பது. நீளப் பெயர்கள் அதற்குப் பிரச்சினை இல்லை. அதில் 'மிரர்' என்ற தெரிவை எடுக்க வேண்டாம், 'அப்டேட்' எடுங்கள். மிரர் என்பது இங்கே இல்லாததை அங்கேயும் அழித்துவிடும். மூலப் போல்டர் எப்படியோ வெறுமையாகிப்போன ஒரு நாளில் மிரர் ஓடினால், பெக்கப்பும் வெறுமையாகும். விண்டோஸோடு வரும் ரோபோகொப்பியிலும் இதே ஆபத்து இருக்கிறது, யாராவது கட்டளை எழுதிக் கொடுத்தால் மிரர் இருக்கிறதா என்று கேளுங்கள். டிஸ்க்கை என்.டி.எப்.எஸ். வடிவில் வையுங்கள். நம் கரண்ட் போய்வரும் இலட்சணத்துக்கு எக்ஸ்பெட் (exFAT) என்ற மற்ற வடிவம் பாதியில் அறுந்தால் பழுதாகும் வாய்ப்பு அதிகம்.

ஒவ்வொரு தவணை முடிவிலும் வேறொரு கணனியில் அந்த டிஸ்க்கைச் செருகி, டியில் இருந்து ஒன்று, ஆழமான போல்டரில் இருந்து தமிழ்ப் பெயரோடு ஒன்று, அந்தக் கிழமை திருத்திய பைல் ஒன்று என்று எடுத்துத் திறந்து பாருங்கள். திறந்ததா, உள்ளே கடைசியாகப் போட்ட புள்ளி இருக்கிறதா? கால் மணித்தியால வேலை. உங்கள் நான்கு இழப்புகளில் மூன்று இந்த ஒரு பரிசோதனையிலேயே முதல் தவணையில் பிடிபட்டிருக்கும். வேறு கணனியில் பாமினி இல்லாவிட்டால் நான்காவதும்.

காசு கொடுத்து மென்பொருள் வாங்குவதைப் பற்றிக் கேட்டீர்கள். வாங்காதீர்கள், இப்போதைக்கு. வருடா வருடம் சந்தா கட்ட வேண்டி வரும், ஒரு வருடம் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் காசு இல்லாவிட்டால் அதுவும் சத்தமில்லாமல் நின்றுவிடும். அதே காசுக்கு இரண்டாவது டிஸ்க்கும், கணனிக்கு ஒரு யூ.பி.எஸ்.ஸும் கேளுங்கள். பழைய டிஸ்க்கின் மேல் 'பழுது, போர்மட் செய்யக்கூடாது' என்று எழுதி ஒட்டி, அடுத்த முறை ஹட்டன் வரும்போது எடுத்துக்கொண்டு வாருங்கள். டி பகுதி இருக்கிறதா இல்லையா என்று பார்த்துவிடலாம்.